மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கு அமெரிக்க அரசு சம்பளம் தருமா?

கேள்வியின் சுருக்கம் இது. அமெரிக்காவில் மகன் வீட்டில் வசிக்கும் மாமியாருக்கு வயது 74. மகன் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். அவர் மூலம் கிரீன் கார்டு வாங்கி வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. போன ஆண்டு பக்கவாதம் வந்ததிலிருந்து வலக்கையும் வலக்காலும் சரியாக இயங்குவதில்லை. மருமகள் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் கூடவே இருக்கிறார். "வீட்டில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டால் அரசு சம்பளம் தருகிறது என்கிறார்கள். உண்மையா? மருமகளுக்கும் கிடைக்குமா? எங்கே விண்ணப்பிப்பது?"

உண்மைதான், மருமகளுக்கும் கிடைக்கும். பல மாநிலங்களில் தடை இருப்பது கணவன் மனைவிக்குத்தான். மகன், மகள், மருமகள், பேரன் பேத்தி எல்லோரும் பெரும்பாலும் வாங்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்று கவனித்தேன். நீங்கள் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எந்த வேலையை விட்டீர்கள், இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள் என்றெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். மாமியாரின் வருமானம், சேமிப்பு, சொத்து பற்றி ஒரு வரிகூட இல்லை. அரசு முதலில் பார்ப்பது அதைத்தான். பணம் அவருடைய தகுதிக்கு வருகிறது. அவருக்கு மாதம் இத்தனை மணிநேர உதவி தேவை என்று அரசு ஒதுக்கும். அந்த மணிநேரங்களைச் செய்துகொடுக்க அவர் உங்களை நியமித்துக்கொள்வார். காகிதத்தில் அவர் முதலாளி, நீங்கள் வேலையாள். (வீட்டில் ஏற்கெனவே அப்படித்தான் என்று நீங்கள் சொன்னால் அது என் காதில் விழவில்லை.)

எந்தத் திட்டம் என்பதில்தான் நம்மவர்கள் பலரும் தடுமாறுகிறார்கள். 65 வயது தாண்டியவர்களுக்கான மெடிகேர் இதற்குப் பணம் தராது. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டுவது போன்ற நீண்டகாலப் பராமரிப்பு அதன் வேலையே இல்லை. மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில் சில வாரங்கள் செவிலியரையும் பயிற்சியாளரையும் அனுப்பும், அவ்வளவுதான். வீட்டாருக்குச் சம்பளம் வரும் முக்கிய வழி மெடிகெய்டு. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்காக மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் திட்டம் அது. 1981இல் வந்த ஒரு சட்டத் திருத்தம், முதியோர் இல்லத்தில் செலவழிக்கும் பணத்தை வீட்டிலேயே பராமரிக்கச் செலவழிக்க மாநிலங்களுக்கு வழிவிட்டது. இன்றைக்கு மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறி நடக்கும் பல திட்டங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது.

உறவினருக்குப் பணம் கொடுத்தால் ஏமாற்றுவார்கள், முதியவரைக் கவனிக்க மாட்டார்கள் என்ற அச்சம் அதிகாரிகளுக்கு நெடுநாள் இருந்தது. 1998இல் அர்கன்சாஸில் தொடங்கி நியூ ஜெர்சி, ஃப்ளோரிடா மாநிலங்களிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான முகமை உதவி. இன்னொரு பகுதியினருக்குப் பணத்தை அவர்கள் கையிலேயே கொடுத்து, வேண்டியவரை நியமித்துக்கொள்ளும் உரிமை. நியமித்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் சொந்தக்காரர்களைத்தான் அமர்த்தினார்கள். மனநிறைவும் அவர்களிடம்தான் அதிகமாக இருந்தது, பராமரிப்பும் கெட்டுவிடவில்லை. அதன் பிறகுதான் பல மாநிலங்கள் துணிந்தன.

இப்போது உங்கள் மாமியாரின் தாள்களுக்கு வருவோம். நான்கு ஆண்டுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கில் மிகப் பெரிய முடிச்சு அதுதான். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, கிரீன் கார்டு கிடைத்து ஐந்து ஆண்டுகள் முடியும்வரை பெரும்பாலானோருக்கு மத்திய அரசின் மெடிகெய்டு கிடையாது. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு ஐந்தாண்டு முடியாதவர்களையும் சேர்த்து வந்திருக்கின்றன. எந்த மாநிலம் என்று நீங்கள் சொல்லவில்லை. ஜார்ஜியா என்றால் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டியிருக்கும். விசிட்டர் விசாவில் வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்கு இந்த வழி திறக்காது. அவர்களுக்காக விண்ணப்பம் நிரப்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஐந்தாண்டு முடிந்ததும் இன்னொரு கதவு. மாமியாருக்குக் கிரீன் கார்டு வாங்கும்போது உங்கள் கணவர் ஐ-864 என்ற படிவத்தில் கையெழுத்திட்டிருப்பார். "இவரை நான் காப்பாற்றுவேன்" என்று அரசுக்குக் கொடுத்த உறுதிமொழி அது. வயது வந்த பிள்ளையின் சம்பளத்தை மெடிகெய்டு பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அந்தப் பிள்ளையே ஸ்பான்ஸர் என்றால் அவர் வருமானத்தையும் பெற்றவருடையதாகக் கருதலாம் என்கிறது சட்டம். எல்லா மாநிலங்களும் இதை ஒரே கண்டிப்போடு நடத்துவதில்லை. உங்கள் மாநிலத்தில் எப்படி என்பதை விண்ணப்பிக்கும் முன்பே முதியோர் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். இலவசச் சட்ட உதவி மையங்களிலும் இதைச் சொல்வார்கள்.

இந்தக் கணக்கை ஒரேயடியாக முடித்துவைப்பது குடியுரிமை. ஐந்தாண்டு முடிந்ததும் மாமியார் அதற்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமை வந்துவிட்டால் ஸ்பான்ஸர் கணக்கு முடிந்தது. "இந்த வயதில், ஆங்கிலம் தெரியாமல், தேர்வு எழுதவா?" என்று அவர் தயங்குவார். பக்கவாதம் அவருடைய நினைவையோ பேச்சையோ கற்கும் திறனையோ பாதித்திருந்தால், மருத்துவர் என்-648 என்ற சான்றைத் தரலாம். அது ஏற்கப்பட்டால் ஆங்கிலத் தேர்வும் குடிமையியல் தேர்வும் இல்லை. நம் வீடுகளில் இந்தப் படிவத்தைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. ஆறு மாதங்கள் முன்னாலேயே நரம்பியல் மருத்துவரிடம் பேச்செடுத்துவையுங்கள்.

அடுத்தது பணம். பல மாநிலங்களில் தனி நபருக்கான சொத்து வரம்பு இன்னும் 2,000 டாலர்தான். கலிஃபோர்னியா 2024இல் வரம்பையே எடுத்துவிட்டு, 2026 ஜனவரியிலிருந்து 1,30,000 டாலர் என்று திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. குடியிருக்கும் வீட்டைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊரில் பூட்டிக்கிடக்கும் வீடும் வங்கியில் போட்டிருக்கும் வைப்புத் தொகையும் அப்படியல்ல. "இந்தியாவில் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: படிவத்தில் உண்மை என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுவது உங்கள் மாமியார். குடியுரிமைக்குப் போகப்போகிறவரை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள். அவசர அவசரமாக வீட்டை மகன் பெயருக்கு எழுதிவைப்பதும் தீர்வாகாது. பெரும்பாலான மாநிலங்கள் முந்தைய 60 மாதக் கைமாற்றங்களைப் புரட்டிப் பார்க்கும். விலையில்லாமல் கொடுத்த சொத்துக்கு ஏற்ப உதவியை நிறுத்திவைக்கும்.

உங்கள் பக்கம் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. இது சம்பளம், ஆகவே வேலை செய்யும் அனுமதி வேண்டும். நீங்கள் கிரீன் கார்டிலோ குடியுரிமையிலோ இருந்தால் கவலையில்லை. வேலை அனுமதி இல்லாத எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தருவது) இருக்கும் மருமகள் தன் வீட்டுக்குள்ளேயே வேலை செய்தாலும் இந்தப் பணத்தை வாங்க முடியாது.

இவையெல்லாம் சரி என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நடப்பதைக் கலிஃபோர்னியாவை வைத்துச் சொல்கிறேன். அங்கே ஐ.எச்.எஸ்.எஸ். என்று அழைக்கப்படும் வீட்டுப் பராமரிப்புத் திட்டம்தான் நாட்டிலேயே பெரியது. அதில் சம்பளம் வாங்குபவர்களில் பாதிக்கும் மேல் உறவினர்கள், அங்கே கணவன் மனைவிக்குக்கூட இடமுண்டு. கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் விண்ணப்பித்ததும் எஸ்.ஓ.சி. 873 என்ற மருத்துவச் சான்றுப் படிவம் தருவார்கள். மருத்துவர் கையெழுத்திட்டு அது திரும்பி வராமல் எதுவும் நகராது. விண்ணப்பித்த தேதியையும் மறக்காமல் குறித்துவையுங்கள். அனுமதி தாமதமானாலும் கணக்கு அந்தத் தேதியிலிருந்து தொடங்க வாய்ப்புண்டு. அதற்கு முன் நீங்கள் பார்த்துக்கொண்ட மாதங்களுக்கு ஒரு காசும் வராது.

பிறகு சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வருவார். இந்த ஒரு சந்திப்பைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதுவேன், ஏனென்றால் நம் குடும்பங்கள் தோற்பது இங்கேதான். அன்றைக்குக் காலையிலேயே மாமியாரைக் குளிப்பாட்டி, தலைவாரி, நல்ல புடவை உடுத்தி உட்காரவைத்திருப்பீர்கள். வீடு துடைத்துவைத்தாற்போல் இருக்கும். வந்தவரைப் பார்த்ததும் அவர் சக்தியெல்லாம் திரட்டி எழுந்து நிற்கப் பார்ப்பார். "குளிக்க உதவி வேண்டுமா, அம்மா?" "எதற்கு? நானே குளித்துக்கொள்வேன்." "கழிப்பறைக்கு?" "மெதுவாகப் போய்விடுவேன்." அந்நியர் முன்னால் தன் இயலாமையைச் சொல்ல அவர் வாய் வராது. பின்னால் நிற்கும் நீங்களும் மாமியாரை மறுத்துப் பேச மாட்டீர்கள். பணியாளர் ஒவ்வொரு வேலைக்கும் 1 முதல் 5 வரை மதிப்பிடுகிறார். தானே செய்துகொள்வேன் என்ற வேலைக்கு 1. அதற்கு ஒதுக்கும் நேரம் பூஜ்யம்.

இதற்கு முந்தைய இரண்டு வாரங்கள் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். "இரவு 2.10, கழிப்பறை, கையைப் பிடித்துத் தூக்கினேன், புடவை நனைந்துவிட்டது, மாற்றினேன், 25 நிமிடம்." இந்த மாதிரி வரிகள்தான் வேண்டும். "மிகவும் கஷ்டப்படுகிறார்" என்று எழுதினால் அதிலிருந்து யாராலும் நிமிடம் கணக்கிட முடியாது. நல்ல நாளை மட்டும் சொல்லாமல் மோசமான நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாமியாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், அல்லது கணவரைப் பேசச் சொல்லுங்கள்: யாரும் அவரைக் குறைவாக நினைக்கப் போவதில்லை, உள்ளதைச் சொன்னால் போதும். மொழிபெயர்ப்பை நீங்கள் செய்யாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டியது அலுவலகத்தின் கடமை. தொலைபேசி வழியாக வந்தாலும் பரவாயில்லை. மருமகள் மொழிபெயர்த்தால் மரியாதைக்காகப் பாதி விஷயம் தொண்டையிலேயே நின்றுவிடும். மாமியாருக்கும் உங்கள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருப்பவை உண்டு.

நினைவாற்றல் தடுமாறி, அடுப்பைத் திறந்துவைப்பது, வெளியே நடந்து போய்விடுவது போன்றவை இருந்தால் பாதுகாப்புக் கண்காணிப்பு என்று தனியாகக் கேளுங்கள். அதுவாக யாரும் தர மாட்டார்கள். மணிநேரம் பெருமளவு கூடுவது அதில்தான். இன்சுலின் ஊசி, குழாய் வழி உணவு போன்றவற்றுக்கு மருத்துவர் தனிப் படிவத்தில் எழுதித் தர வேண்டும்.

மணிநேரம் வந்ததும் பலருக்கு அதிர்ச்சி. நீங்கள் 24 மணிநேரமும் கூடவே இருக்கிறீர்கள். அங்கே உச்ச வரம்பே மாதத்துக்கு 283 மணிநேரம், அதுவும் மிகக் கடுமையாக முடங்கியவருக்கு. மற்றவர்களுக்குப் பொதுவாக அதைவிடக் குறைவுதான். பலருக்கு அதில் பாதிகூட வருவதில்லை. துணி துவைக்க வீட்டிலேயே இயந்திரம் இருந்தால் வாரம் 1 மணிநேரம், மளிகை வாங்க வாரம் 1 மணிநேரம், வீடு துப்புரவுக்கு மாதம் 6 மணிநேரம். இவைதான் வழக்கமான அளவுகள். அதிலும் ஒரே வீட்டில் நான்கு பேர் இருந்தால் பொது வேலைகளை நான்காகப் பங்கிட்டுத்தான் தருவார்கள். நீங்கள் வைக்கும் சமையலில் உங்கள் பிள்ளைகளும்தான் சாப்பிடுகிறார்கள் என்பது அவர்கள் நியாயம். ஆகவே அனுமதிக் கடிதம் கையில் வந்து, மணிநேரத்தை உங்கள் கவுண்டியின் ஊதியத்தால் பெருக்கிப் பார்க்கும் முன் யாரும் வேலையை விடக்கூடாது என்பேன். உங்கள் விஷயத்தில் அது கடந்துவிட்டது. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒதுக்கீடு குறைவென்று தோன்றினால் மேல்முறையீடு செய்யுங்கள். கலிஃபோர்னியாவில் அறிவிப்புக் கடிதம் வந்த 90 நாட்களுக்குள் மாநில விசாரணை கேட்கலாம். அந்த நோட்டுப் புத்தகம் அங்கே பேசும்.

நீங்கள் சம்பளப் பட்டியலில் ஏற, கைரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும், ஓர் அறிமுக வகுப்பையும் முடிக்க வேண்டும். அதன்பின் மாதம் இருமுறை நேரப் பதிவு. மாமியார் மருத்துவமனையில் இருந்த நாட்களுக்கும், அவரை ஊருக்கு அழைத்துப் போன மாதங்களுக்கும் மணிநேரம் எழுதாதீர்கள். மருத்துவமனை வார்டில் நீங்கள்தான் இரவெல்லாம் விழித்திருந்தீர்கள் என்பது உண்மையாக இருக்கலாம். இருந்தாலும் அந்த நேரத்தை எழுதினால் அது மோசடிதான்.

மற்ற மாநிலங்களில் அமைப்பு வேறு. நியூயார்க்கில் சி.டி.பி.ஏ.பி., நியூ ஜெர்சியில் பர்சனல் ப்ரிஃபரன்ஸ் என்ற திட்டம். இரண்டிலும் ஆளை நோயாளியே அமர்த்துகிறார், சம்பளப் பட்டுவாடாவை இடையில் ஒரு நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. ஜார்ஜியாவில் ஒரே வீட்டில் வசிக்கும் உறவினருக்கு மணிக்கணக்கில்லாமல் நாள் கணக்கில் உதவித்தொகை தரும் முறை இருக்கிறது. பல மாநிலங்களில் தகுதி இருந்தும் காத்திருப்புப் பட்டியல் நீளும், அதனால் பெயரைச் சீக்கிரம் பதிவதே புத்திசாலித்தனம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதிக்கான முதியோர் நல முகமையைக் கூப்பிடுங்கள். எல்டர்கேர் லொக்கேட்டர் என்ற மத்திய அரசுச் சேவை அந்த எண்ணைத் தரும். விண்ணப்பம் எங்கும் இலவசம். "சம்பளம் வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்பவர்களிடம் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில் மட்டும் இன்னொரு பாதை. அங்கே 2023 ஜூலையிலிருந்து சம்பளத்தில் 0.58 சதவீதம் பிடித்து ஒரு நிதி சேர்க்கிறார்கள். 2026 ஜூலையிலிருந்து வாழ்நாளில் 36,500 டாலர் வரை பயன்படுத்தலாம். கட்டியவருக்குத்தான் பயன், ஆகவே அங்கே வேலை பார்த்திராத மாமியாருக்கு உதவாது. உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் பிற்காலத்தில் உதவும்.

மாமியாரிடம் வரம்புக்கு மேல் பணம் இருந்து மெடிகெய்டு கிடைக்காவிட்டால், அவரே உங்களுக்குச் சம்பளம் தரலாம். அதை எழுத்தில் வையுங்கள். என்னென்ன வேலை, வாரம் எத்தனை மணிநேரம், மணிக்கு எவ்வளவு என்று ஒப்பந்தம், அந்த ஊர் நடப்பு ஊதியத்துக்கு மிகாமல். ஒப்பந்தத் தேதிக்குப் பிறகான வேலைக்கு மட்டும். கடந்த ஆண்டுக்கும் சேர்த்து ஒரு தொகை கொடுத்தால் நாளை மெடிகெய்டு அதை நன்கொடை என்று எண்ணும். 2025 விதிப்படி ஆண்டுக்கு 2,800 டாலர் தொட்டாலே சமூகப் பாதுகாப்பு வரி கட்டும் பொறுப்பு முதலாளியான மாமியாருக்கு வந்துவிடும். கொழுந்தன், நாத்தனார் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே அவர்களிடம் காட்டிவிடுங்கள். "அம்மா பணத்தை எடுத்துக்கொண்டாள்" என்ற பேச்சு கிளம்பியபின் எந்த ஒப்பந்தமும் அதை அடக்காது.

வரி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. மெடிகெய்டு வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தின்கீழ் வாங்கும் சம்பளம், பராமரிப்பவரும் நோயாளியும் ஒரே வீட்டில் வசித்தால், மத்திய வருமான வரிக்கு உட்படாது. 2014இல் வரித் துறை வெளியிட்ட அறிவிப்பு அது. கலிஃபோர்னியாவில் இதற்கென உறுதிமொழிப் படிவம் ஒன்று கொடுத்தால் முதலிலேயே பிடித்தம் நின்றுவிடும். மாமியார் சொந்தப் பணத்திலிருந்து தரும் சம்பளத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. கணக்கர் பலருக்கே இந்த அறிவிப்பு புதிது, நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, பராமரிப்பாளராக உங்கள் பெயரோடு கணவர் பெயரையும் பதிந்துவிடுங்கள். மகனுக்கும் சம்பளம் உண்டு. ஒதுக்கிய மணிநேரத்தை இருவரும் பிரித்துக்கொள்ளலாம். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வாரம் சட்டப்படியே அவர் கைக்குப் போகும். சனி, ஞாயிறு குளியல் அவர் பொறுப்பு என்று நேரப் பதிவிலேயே இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்காது.